ஒரே குற்றம், மூன்று முடிவுகள்

ஒரு குழந்தையைக் கடத்திச் சென்று வதைத்துக் கொன்றவன், தீர்ப்புக்குப் பிறகும் உண்டு உறங்கி உயிர்வாழ்வதை அந்தக் குழந்தையின் தாய் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, மரண தண்டனையை எதிர்ப்பவர்களில் பலர் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. புள்ளிவிவரங்களுக்கோ, பழிவாங்கும் உணர்ச்சி கூடாது என்ற அறிவுரைக்கோ நகர்ந்துவிடுகிறார்கள். நானும் மரண தண்டனையை எதிர்க்கிறேன். ஆனாலும் அந்தத் தாயின் கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தொடங்கும் வாதம் எதுவும் நேர்மையாக இருக்க முடியாது என்று நினைப்பதால், எதிர்த்தரப்பின் மிக வலுவான இடத்திலிருந்தே இதை எழுதத் தொடங்குகிறேன்.

தண்டனை ஊருக்கு என்ன பயன் தருகிறது என்று கணக்குப் பார்க்கக் கூடாது, செய்த குற்றத்துக்கு உரியது என்பதாலேயே அது தரப்பட வேண்டும் என்பது அந்த வாதம். 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் இதை அதன் எல்லை வரை கொண்டுபோனார். ஒரு தீவில் வாழும் மக்கள் தங்கள் சமூகத்தைக் கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்துபோக முடிவு செய்தாலும், போவதற்கு முன் சிறையிலிருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டே போக வேண்டும் என்றார் அவர். அந்தத் தீவில் இனி எச்சரிக்கப்பட வேண்டியவரும் இல்லை, காப்பாற்றப்பட வேண்டியவரும் இல்லை. இருந்தும் கொல்லப்பட்டவருக்குச் சமூகம் பட்ட கடன் மிச்சமிருக்கிறது. இந்த வாதம் கொன்றவனையும் ஒரு வகையில் மதிக்கிறது. அவனைச் சூழ்நிலையின் கைப்பாவையாகப் பார்க்காமல், அறிந்து தேர்ந்து ஒரு செயலைச் செய்த மனிதனாகவும் அந்தச் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவனாகவும் பார்க்கிறது.

லட்சக்கணக்கான யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளை நடத்திய அடால்ஃப் ஐக்மனை இஸ்ரேல் 1962ஆம் ஆண்டு தூக்கிலிட்டது. நார்வேயில் 2011ஆம் ஆண்டு ஒரே நாளில் 77 பேரைக் கொன்றவனுக்கு, அந்நாட்டில் மரண தண்டனை இல்லாததால், 21 ஆண்டுத் தடுப்புக்காவல் விதிக்கப்பட்டது. அவன் ஆபத்தானவனாகக் கருதப்படும் வரை அதை நீட்டித்துக்கொண்டே போகலாம். இவற்றில் எது கொல்லப்பட்டவர்களுக்குச் செய்த நியாயம் என்று யாராவது கேட்டால், உடனே பதில் சொல்ல எனக்கு நா எழாது. சாகத் தகுந்த குற்றம் செய்தவர் உலகில் ஒருவருமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. எதிர்த்தரப்புக்கு இதை நான் முழுமையாகவே விட்டுக்கொடுக்கிறேன்.

மற்றவர்களுக்கு மரண தண்டனை ஒரு பாடமாக இருக்கும் என்ற வாதத்தில் எனக்கு இவ்வளவு தயக்கம் இல்லை. 1975ஆம் ஆண்டில் ஐசக் எர்லிக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டியபோது அது பெரும் அலையை எழுப்பியது. அதன் பிறகு ஒரு தலைமுறைக்கு மேலாக அறிஞர்கள் இரு பக்கமும் எண்களை அடுக்கினார்கள். கடைசியில் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அத்தனை ஆய்வுகளையும் மறுபரிசீலனை செய்து, மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்வதில்லையா என்பதை அறிய இவற்றில் எதுவும் உதவாது என்று 2012ஆம் ஆண்டு அறிவித்தது. கனடா 1976ஆம் ஆண்டு கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தது. அதன் பிறகான பதிற்றாண்டுகளில் அங்கே கொலை விகிதம் குறைந்தே வந்தது. ஒழித்ததால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஒழித்தால் நாடு கொலைக்களமாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதிதான் என்று இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். பாதிக்கு மேற்பட்ட குற்றவாளிகள் பிடிபடவே மாட்டார்கள் என்று தெரிந்த ஊரில், பிடிபட்ட ஒருவனுக்குத் தூக்கு என்பது யாரையும் தயங்க வைக்கப் போவதில்லை.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனம் படைத்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக்கு, கொலை நடக்காவிட்டாலும், மரண தண்டனை வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் எழுகிறது. இந்தியா 2018ஆம் ஆண்டு, 12 வயதுக்குட்பட்ட சிறுமிகள் மீதான வன்கொடுமைக்கு அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு இதே வகையான ஒரு மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தபோது சுட்டிக்காட்டிய ஆபத்துகள் இரண்டு. வன்கொடுமைக்கும் கொலைக்கும் தண்டனை ஒன்றே என்றால், தன்னை அடையாளம் காட்டக்கூடிய ஒரே சாட்சியான குழந்தையை உயிரோடு விட குற்றவாளிக்குச் சட்டம் எந்தக் காரணத்தையும் தருவதில்லை. அடுத்தது, இத்தகைய குற்றங்களைச் செய்பவர்கள் மிகப் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், பல வேளைகளில் உறவினர்கள். மாமாவோ சித்தப்பாவோ தூக்குமேடைக்குப் போவார் என்று தெரிந்தால், வீட்டுக்குள்ளேயே அந்தக் குழந்தையின் வாயை அடைத்துவிடுவார்கள். குழந்தையைக் காக்க எழுதிய சட்டமே குழந்தைக்கு எதிராக நிற்கக்கூடிய இடம் இது.

ஆனால் என்னை மரண தண்டனைக்கு எதிராக நிறுத்துவது இவை அல்ல. சாகத் தகுந்தவர் இருக்கிறார் என்பது ஒரு கேள்வி; அவரைச் சரியாகப் பொறுக்கி எடுக்க மனிதர்கள் நடத்தும் நீதிமன்றங்களால் முடியுமா என்பது வேறு கேள்வி. கொடியவர்களை ஒறுப்பதைப் பயிரிலிருந்து களை எடுப்பதற்கு ஒப்பிடுவது நம் மொழியில் மிகப் பழைய வழக்கு. களையைப் பார்த்தவுடன் உழவருக்குத் தெரிந்துவிடும். நீதிமன்றத்துக்கு அப்படித் தெரிவதில்லை என்பதைத்தான் வழக்குப் பதிவுகள் மறுபடி மறுபடி காட்டுகின்றன.

இந்தியாவில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்ற வழக்கில் மூவருக்கு 1975ஆம் ஆண்டு தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூவரின் பங்கும் ஒன்றேதான். அவர்கள் தனித்தனியே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலாமவரின் மனுவை 1976ஆம் ஆண்டு ஓர் அமர்வு தள்ளுபடி செய்தது. இரண்டாமவரின் மனு 1977ஆம் ஆண்டு வேறோர் அமர்வின் முன் வந்தது. அது அவருடைய தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மூன்றாமவரின் மனுவை 1978ஆம் ஆண்டு மற்றோர் அமர்வு தள்ளுபடி செய்தது. கூட்டாளியின் தண்டனை குறைக்கப்பட்டிருந்த செய்தி அந்த நீதிபதிகளின் கவனத்துக்கே வரவில்லை. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் 1981ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி என்று நாள் குறிக்கப்பட்டது. மூன்றாமவர் கடைசி நேரத்தில் இன்னொரு மனு போட்டு இடைக்காலத் தடை வாங்கினார். முதலாமவர் போடவில்லை. குறித்த நாளில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றாமவரின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தபோது, ஒரே குற்றத்தைச் சமமாகச் செய்தவர்களிடையே இப்படி வேறுபாடு காட்டுவது அநீதி என்று ஒப்புக்கொண்டது. அந்த நேரத்தில் முதலாமவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த மூவரில் எவரும் நிரபராதி அல்லர், அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன். காவல்துறை பொய் சாட்சி ஜோடித்ததாகவும் இல்லை, நீதிபதிகள் கெட்ட எண்ணம் கொண்டவர்களும் இல்லை. ஒவ்வோர் அமர்வும் தன் முன் வந்த தாள்களைப் படித்து, தன் மனசாட்சிப்படி முடிவெடுத்தது. இருந்தும் ஒருவர் இறந்தார், இருவர் பிழைத்தார்கள். அதைத் தீர்மானித்தது குற்றத்தின் கொடுமை அன்று, எந்த ஆண்டில் எந்த நீதிபதிகள் முன் மனு போனது என்பதுதான். கான்ட் சொன்ன கடன் தூக்கிலிடப்பட்டவரிடம் மட்டும் முழுதாக வசூலிக்கப்பட்டு மற்ற இருவருக்குப் பாதியாகத் தள்ளுபடி ஆனதற்கு எந்த அறநெறியாலும் காரணம் சொல்ல முடியாது.

'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை என்ற நெறியை இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்தது 1980ஆம் ஆண்டின் பச்சன் சிங் வழக்கில். அதில் நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம் நிற்க, நீதிபதி பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். ஒருவர் வாழ்வதும் சாவதும் எந்த நீதிபதிகள் அமர்வில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துவிடும் என்பது அவருடைய எதிர்ப்பின் மையம். பெரும்பான்மைத் தீர்ப்பின் நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1955ஆம் ஆண்டு வரை, கொலை வழக்கில் மரண தண்டனை தராத நீதிபதிதான் அதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கி, மரண தண்டனை தருபவரே சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்றது. 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு குற்றத்தோடு குற்றவாளியின் வாழ்க்கையையும், அவர் திருந்தக்கூடியவரா என்பதையும் எடைபோடச் சொன்னது. ஆனால் 1996ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின் சிறிய அமர்வு ஒன்று, குற்றத்தின் தன்மையைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்ற பொருளில் தீர்ப்பெழுதியது. அதையே முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் பலருக்கு மரண தண்டனை உறுதியானது. 2009ஆம் ஆண்டு இன்னோர் அமர்வு, அந்தத் தீர்ப்பு 1980ஆம் ஆண்டு நெறிக்கு முரணானது, பின்பற்றத் தகாதது என்று அறிவித்தது. தவறான அந்த வழியில் தண்டிக்கப்பட்டவர்களில் இருவர் அதற்குள் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். எஞ்சிய 13 பேரின் தண்டனையைக் குறைக்கும்படி 2012ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். நெறி நல்லதாக இருந்தும், அதைக் கையாண்டவர்கள் கற்றறிந்தவர்களாக இருந்தும், விளைவு இது.

அமெரிக்காவின் அனுபவமும் இதற்கு விலக்கல்ல. அங்கே 1972ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நடைமுறையில் இருந்த மரண தண்டனை முறை மின்னல் யார் மேல் விழும் என்பது போன்ற தற்செயலாக இருக்கிறது என்று கருதி அதை நிறுத்திவைத்தது. வழிகாட்டு நெறிகளோடு 1976ஆம் ஆண்டு மீண்டும் அனுமதித்தது. ஜார்ஜியா மாநிலத்தின் 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்தவர்கள், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். 1987ஆம் ஆண்டு அந்த ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுபெற்ற பிறகு, தன் வாக்கை மாற்ற முடியுமானால் இந்த வழக்கில்தான் மாற்றியிருப்பேன் என்றார்.

அப்படியானால் நீதிபதியின் விருப்பத்துக்கே இடம் வைக்காமல், இன்ன குற்றத்துக்குக் கட்டாயத் தூக்கு என்று எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் செய்து பார்க்கப்பட்ட வழிதான். ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் கட்டாயம் மரண தண்டனை என்றிருந்த இந்தியச் சட்டப்பிரிவு 1983ஆம் ஆண்டு செல்லாததாக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனைச் சட்டங்களை அமெரிக்கா 1976ஆம் ஆண்டிலேயே நிராகரித்தது. காரணம் எளிது: திட்டமிட்டுக் கொன்றவரும், பல ஆண்டுச் சித்திரவதைக்குப் பின் ஒரு நொடியில் திருப்பி அடித்தவரும் கட்டாயச் சட்டத்தின் முன் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆளைப் பார்த்துத் தீர்ப்பளித்தால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆளைப் பார்க்காமல் தீர்ப்பளித்தால் நியாயம் குருடாகிறது. சிறைத் தண்டனையிலும் இந்தச் சிக்கல் உண்டு என்பது உண்மை. அங்கே ஏற்படும் கோணலை மேல்முறையீட்டிலோ தண்டனைக் குறைப்பிலோ ஓரளவாவது நிமிர்த்த ஆள் உயிரோடு இருக்கிறார்.

நிரபராதிகளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டு லண்டனில் டிமதி எவன்ஸ் தன் கைக்குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்றாண்டுகள் கழித்து, கிறிஸ்டி பல பெண்களைக் கொன்று அந்த வீட்டிலேயே மறைத்துவைத்திருந்தது வெளிப்பட்டது, அவரும் தூக்கிலிடப்பட்டார். இருவரையும் தூக்கிலிட்டவர் ஒரே மனிதர், ஆல்பர்ட் பியர்பாயின்ட். எவன்ஸுக்கு 1966ஆம் ஆண்டு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஜப்பானில் ஒரு குடும்பத்தின் நால்வரைக் கொன்றதாக 1968ஆம் ஆண்டு மரண தண்டனை பெற்ற இவாவோ ஹகமடா, எந்தக் காலையில் கதவு திறந்து அழைப்பார்கள் என்று தெரியாமல் பல பதிற்றாண்டுகள் காத்திருந்தார். அங்கே தண்டனை நாளைக் கைதிக்கு அன்று காலைதான் சொல்கிறார்கள். அவருக்குத் தண்டனை விதித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர், ஹகமடா குற்றமற்றவர் என்றே தான் நம்பியதாகவும், மற்ற இருவரின் வாக்கால் தோற்றுப்போய்த் தீர்ப்பைத் தானே எழுத நேர்ந்ததாகவும் 2007ஆம் ஆண்டு வெளியே சொன்னார். ஆதாரங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று கூறி நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2024ஆம் ஆண்டு செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 88.

சந்தேகத்துக்கே இடமில்லாத வழக்குகளில் மட்டும் தூக்கிலிடுவோம் என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. எவன்ஸின் வழக்கும் ஹகமடாவின் வழக்கும் தீர்ப்பு நாளில் அப்படித்தான் தோன்றின. மகாராஷ்டிரத்தில் 2003ஆம் ஆண்டு நடந்த ஒரு கொடிய குற்றத்துக்காக ஆறு பேருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை தந்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமோ ஆறு பேருக்குமே தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு அறுவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்து, இழப்பீடும் தரச் சொன்னது. நேரில் கண்ட சாட்சி காவல்துறையின் புகைப்படத் தொகுப்பில் முதலில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை. அந்தத் திசையில் புலனாய்வே நடக்கவில்லை. விடுதலையான அறுவரும் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஏழைகள். பணம் இல்லாதவருக்கு முதல் விசாரணையில் நல்ல வழக்கறிஞர் கிடைப்பது அரிது, முதல் விசாரணையில் பதிவாகாத சாட்சியத்தைப் பின்னர் எந்த மேல்நீதிமன்றத்தாலும் எளிதில் மீட்டெடுக்க முடியாது. இந்தியாவில் மரண தண்டனைக் கைதிகளைப் பற்றி 2016ஆம் ஆண்டு வெளியான விரிவான ஆய்வு ஒன்று, அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று கண்டது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு முதல் 190க்கும் மேற்பட்டோர் மரண தண்டனை பெற்றபின் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டிருக்கிறார்கள். தப்பியவர்களை எண்ண முடிகிறது. தப்பாதவர்களின் வழக்கை மீண்டும் கிளற பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிழை நேரக் கூடாது என்பதற்காக மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று படிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஆண்டுகள் கழிகின்றன, ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் தன் மகளின் உடற்கூறாய்வு அறிக்கையைச் செய்தித்தாளில் மறுபடி படிக்கிறது. படிகளைக் குறைத்தால் நிரபராதி சாவார். குறைக்காவிட்டால் துயரத்தில் இருப்பவர்களுக்கு முடிவே வராது. ஆயுள் தண்டனை விதிக்கப்படும் நாளில் அவர்களுடைய வழக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு உடனே தேவைப்படுவது நேர்மையான புலனாய்வும், விரைவான விசாரணையும், வாழ்க்கையைத் தொடர அரசின் துணையும். தூக்குக் கயிற்றைப் பற்றிய ஆரவாரத்தில் இவை மூன்றும் மறக்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவலானது, அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. ஆனால் 20, 30 ஆண்டுகள் அல்லது வாழ்நாள் முழுவதும் தண்டனைக் குறைப்பு இல்லாமல் சிறை என்று விதிக்க இந்திய உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு வழி வகுத்தது, 2015ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. விடுதலையே இல்லாத சிறை என்பதும் என்னை உறுத்துகிறது. நீண்ட காலத்துக்குப் பிறகு ஒருவர் மாறியிருக்கிறாரா என்று கேட்கும் நடைமுறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிறையிலிருக்கும் பயங்கரவாதியை விடுவிக்கச் சொல்லி அவருடைய கூட்டத்தினர் பணயக் கைதிகளைப் பிடிப்பார்கள் என்ற வாதமும் எடையுள்ளதுதான்.

2015ஆம் ஆண்டு இந்தியச் சட்ட ஆணையம் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தபோது, பயங்கரவாதக் குற்றங்களுக்கும் நாட்டின் மீது போர் தொடுத்தலுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. பலருக்கு இது நடுநிலையான முடிவாகத் தோன்றும். எனக்கோ மிகவும் அஞ்ச வேண்டிய இடமே அதுதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் யாரையாவது உடனே பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி காவல்துறையின் மீது அத்தகைய குற்றங்களில்தான் உச்சத்தில் இருக்கும். 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டிலும் பர்மிங்காமிலும் மதுக்கூடங்களில் குண்டுகள் வெடித்தன. பர்மிங்காமில் மட்டும் 21 பேர் இறந்தார்கள். கில்ட்ஃபோர்டு வழக்கில் நால்வருக்கும் பர்மிங்காம் வழக்கில் அறுவருக்கும் 1975ஆம் ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கொலைக்கான மரண தண்டனை அங்கே பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கில்ட்ஃபோர்டு வழக்கின் நீதிபதி, மரண தண்டனை அப்போதும் எஞ்சியிருந்த தேசத்துரோகக் குற்றச்சாட்டு இவர்கள் மீது ஏன் சுமத்தப்படவில்லை என்று வருந்தினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீதிபதியான டெனிங் பிரபு பின்னாளில், பர்மிங்காம் அறுவரைத் தூக்கிலிட்டிருந்தால் அவர்களை விடுவிக்கக் கோரும் இந்தப் பிரச்சாரங்களே இருந்திருக்காது, எல்லோரும் மறந்திருப்பார்கள் என்றார். கில்ட்ஃபோர்டு நால்வரின் தண்டனை 1989ஆம் ஆண்டும், பர்மிங்காம் அறுவரின் தண்டனை 1991ஆம் ஆண்டும் ரத்து செய்யப்பட்டன. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட அந்தக் குண்டுகளை வைத்தவர் அல்லர்.